வீதிக்கு நாலு நாள், வீட்டுக்கு ஒரு மணித்தியாலமும் இல்லையா?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், பிரதேச செயலகங்களில் வீட்டுத்திட்டங்களைப் பார்க்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் படுவான்கரைக்காரன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வுபெற்றவன். பொறியியலாளன் இல்லை. மண்ணை இடிப்பது, அரிப்பது, உலர்த்துவது, நிறுப்பது, ஊறவைப்பது, ஊசியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது, இதுதான் என் தொழில். அந்த வேலையில் கற்ற ஒரு விடயத்தை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் என் தங்கச்சி வீட்டுக் கதவு என்னை நிம்மதியாக இருக்க விடாது போலிருக்கிறது. அதனால் இந்த மடல்.

முதலில் கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். ஒரு வீதி போடுவதற்கு முன்னால் அதன் அடிமண்ணை எடுத்து, ஆறு அங்குல விட்டமுள்ள இரும்பு அச்சில் இடித்து நிரப்பி, மேலே பாரம் வைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் நாலு நாள் அமிழ்த்தி வைக்கிறோம். சீ.பி.ஆர். என்று நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்ட பரிசோதனைதான். அந்த நாலு நாளில் மண் எவ்வளவு மேலே எழும்பியது என்று ஒரு முக்காலியில் அளவுமானியைப் பொருத்திப் பார்க்கிறோம். அதற்குப் பிறகுதான் அதன் பலத்தையே அளக்கிறோம். லொறியும் உழவு இயந்திரமும் ஓடுகிற வீதிக்கு இவ்வளவு மரியாதை. ஒரு குடும்பம் மூன்று தலைமுறைக்கு இருக்கப்போகிற வீட்டின் அடிமண்ணை யாராவது ஒரு மணித்தியாலமாவது ஊறவைத்துப் பார்க்கிறீர்களா?

என் தங்கச்சிக்கு ஒரு வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. எந்தத் திட்டம், யார் பொறுப்பு என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. ஆவணி மாதம் அத்திவாரம் வெட்டினார்கள். கச்சான் காற்று அனலாக அடிக்கிற காலம். நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அலவாங்கு போட்டால் கை அதிரும். மேசன் எங்கள் ஊர்க்காரர், எழுபது வயதை நெருங்கியவர். "கல்லு மாதிரிக் கிடக்கு மனே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். பார்க்க வந்த ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) தம்பியும் அதைத்தான் சொன்னார். இரண்டடி வெட்டு, கருங்கல் அத்திவாரம், சீமெந்துக்கல் சுவர், ஓட்டுக் கூரை. வெட்டி எடுத்த களியை ஏன் வீணாக்குவான் என்று அதையே வீட்டுக்குள் கொட்டி, காய்ந்தபடியே இடிகட்டையால் இடித்து, மேலே கொங்கிறீட் தளம் போட்டார்கள். நானும் அன்றைக்கு அங்கே நின்றேன். வாய் திறக்கவில்லை. தொழிலில் கற்றதை வீட்டுக் காரியத்தில் கொண்டுவந்து பெரியாள் போல நிற்கக் கூடாது என்று ஒரு வீண் கூச்சம்.

கார்த்திகை மழையோடு பின்னறைக் கதவு இறுகியது. ஓடாவியைக் கூப்பிட்டுச் சீவினார்கள். மார்கழி முடிவதற்குள் நடு அறைத் தளம் நடுவில் புடைத்துக்கொண்டது. மருமகன் போளையை நடுவில் வைத்தால் அது தானாக மூலைக்கு உருண்டு போகும். அவனுக்கு அது விளையாட்டு. அடுத்த ஆனியில் ஜன்னல் மூலையிலிருந்து கூரையைப் பார்த்துச் சாய்வாக ஒரு வெடிப்பு ஓடியது. சீவிய கதவுக்கும் நிலைக்கும் இடையில் அரணை நுழையலாம். சீமெந்து வைத்துப் பூசினார்கள். மாரியில் வெடிப்பு நூல் போலச் சுருங்கியது, கோடையில் பூச்சையும் கிழித்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தது. இப்படி மூச்சு விடுகிற மாதிரி வருடத்துக்கு ஒரு தடவை விரிந்து சுருங்குகிற வெடிப்பைக் கண்டால், சீமெந்துக் கலவையைச் சந்தேகப்படாதீர்கள். கீழே இருக்கிற மண்ணைச் சந்தேகப்படுங்கள்.

ஊர் சந்தேகப்பட்டது மேசனைத்தான். கிழவன் சீமெந்தைக் குறைத்துப் போட்டான், பைக்கற்றை விற்றுவிட்டான் என்று பேச்சு. அதிகாரிகள் பக்கத்திலிருந்தும் அந்தப் பேச்சை மறுத்து ஒரு வார்த்தை வரவில்லை. அவர் அதற்குப் பிறகு எங்கள் ஊரில் வேலை எடுக்கவில்லை. கடைசியில் நான் வளவில் மூன்றடி தோண்டி மண் எடுத்து, என் வீட்டுத் திண்ணையிலேயே இரண்டு கண்ணாடிக் குவளையில் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிய குவளையில் மண் மற்றதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உயரத்துக்கு வந்து நின்றது. குவளைகளைக் கொண்டுபோய் மேசனாருக்குக் காட்டினேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத அப்பவே சொல்லியிருக்கலாமே மனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தக் குவளைப் பரிசோதனையை உங்களுக்கு விபரமாகச் சொல்லவேண்டும். இந்த மடலில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள். களியை நன்றாக உலர்த்தி, இடித்து, 425 மைக்குறோன் அரிதட்டில் அரித்து எடுக்கிறோம். அதில் பத்து கிராம், பத்து கிராமாக இரண்டு பங்கு. 100 மில்லிலீற்றர் அளவு குறித்த கண்ணாடிக் குவளை இரண்டு. ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணைப் போட்டுக் கலக்கி, காற்றுக் குமிழிகளைப் போகவிட்டு, ஒரு நாள் அசையாமல் வைக்கிறோம். மண்ணெண்ணெயில் களி வீங்காது. (பெயரில் மண் இருந்து என்ன பயன்!) ஆக அந்தக் குவளையில் நிற்பதுதான் மண்ணின் சொந்த உடம்பு. தண்ணீர்க் குவளையில் அதைவிட எவ்வளவு கூட நிற்கிறதோ, அது வீக்கம். மண்ணெண்ணெயில் 10 மில்லிலீற்றர், தண்ணீரில் 17 என்றால் வீக்கச் சுட்டி 70 சதவீதம். இந்திய நியமங்களில் 50க்குக் கீழே என்றால் குறைவு, 50 முதல் 100 வரை நடுத்தரம், 100க்கு மேலே கடுமை, 200ஐத் தாண்டினால் மிகக் கடுமை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். 2022இல் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு நாங்கள் நின்ற வரிசையை நினைத்தால் அதை மண்ணுக்கு ஊற்ற மனம் வராதுதான். ஆனால் தேவைப்படுவது ஒரு சின்னப் போத்தலிலும் பாதி.

ஏன் ஒரு களி வீங்குகிறது, இன்னொன்று சும்மா கிடக்கிறது? களி என்பது கண்ணுக்குத் தெரியாத தகடுகளின் அடுக்கு. மொன்மோரிலனைற் என்கிற வகைக் களியில் அந்தத் தகடுகளுக்கு இடையில் பிடிப்புக் குறைவு. தண்ணீர் புகுந்து ஒவ்வொரு தகட்டையும் பிரித்துத் தள்ளும். ஒரு கிராம் மொன்மோரிலனைற்றின் தகடுகளை எல்லாம் பிரித்துப் பரப்பினால் 800 சதுர மீற்றர் அளவுக்கு வரும். முப்பது பேர்ச் காணிக்கு மேல், ஒரு கிராமுக்குள். அவ்வளவு பரப்பும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கயோலினைற் என்ற வகையில் ஒரு கிராமுக்குப் பத்து, இருபது சதுர மீற்றர்தான், ஒரு அறைத் தளம் அளவு. பார்வைக்கு இரண்டும் களிதான், இரண்டும் காலில் ஒட்டும். சர்பத்தில் போடுகிற கசகசாவையும் கடுகையும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது இரண்டும் சின்னக் கறுப்பு மணிகள்தான்.

இங்கேயே குவளையின் குறையையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் வியாபாரி மாதிரிப் பேசியதாகிவிடும். கயோலினைற் கூடிய களி தண்ணீரைவிட மண்ணெண்ணெயிலேயே கொஞ்சம் அதிகம் இடம் பிடிக்கும். இரண்டு வகையும் கலந்த மண்ணில் ஒன்றின் கணக்கை மற்றது மறைத்துவிடும். அதோடு, இடித்துத் தூளாக்கிய மண்ணுக்கு நிலத்தில் இருந்த இறுக்கம் இல்லை. எனவே குவளை ஒரு படலைக்காவல்காரன் மட்டும்தான். யாரை நிறுத்தி விசாரிக்கவேண்டும் என்று காட்டும். தீர்ப்புச் சொல்வது ஈடோமீற்றர் என்ற கருவி.

ஈடோமீற்றரை நான் முதன்முதலில் தொட்ட நாள் மறக்காது. 75 மில்லிமீற்றர் விட்டம், 20 மில்லிமீற்றர் உயரம் கொண்ட ஒரு வளையம். நிலத்திலிருந்து குலையாமல் எடுத்த மண்ணை அதற்குள் இடைவெளி இல்லாமல் சீவிப் பொருத்தவேண்டும். மேலும் கீழும் தண்ணீர் ஊறுகிற கல். அதன் மேல் பாரம், பாரத்தின் மேல் அளவுமானி. ஊசி ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு மில்லிமீற்றர். வழமையாக நாங்கள் பார்ப்பது மண் எவ்வளவு அமுங்குகிறது என்று. பாரத்தைக் கூட்டக் கூட்ட ஊசி ஒரு பக்கம் போகும். அன்றைக்கு ஒரு களி மாதிரிக்குத் தண்ணீர் ஊற்றியதும் ஊசி எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கியது. மானியைத் தலைகீழாகப் பூட்டிவிட்டேன் என்று பயந்து கழற்றிவிட்டேன். பொறியியலாளர் ஐயா வந்து பார்த்துச் சிரித்தார். "ஊசி சரி. மண்தான் உன்னைத் தூக்குது" என்றார். அந்த மாதிரியை வீணாக்கியதற்கு ஏச்சும் கிடைத்தது, அது வேறு கதை.

முதல் அரை மணித்தியாலம் ஊசி ஓடும். பிறகு நடக்கும். பிறகு நகர்வதே தெரியாது, ஆனாலும் மறுநாள் காலையில் வந்து பார்த்தால் இன்னும் சில கோடுகள் ஏறியிருக்கும். சில களிகள் மூன்று நாள், நாலு நாள் கழித்தும் நிற்பதில்லை. அந்தப் பொறுமை இல்லாமல் பின்னேரம் நாலு மணிக்குக் கடைசி வாசிப்பை எழுதிவிட்டு பஸ் பிடிக்கிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. நானும் செய்திருக்கிறேன். ஆகவே ஒரு அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால், எத்தனை மணித்தியாலம் ஊறியது என்று முதலில் பாருங்கள்.

சரி, அந்த வாசிப்பு நிலத்தில் எவ்வளவு வரும்? 20 மில்லிமீற்றர் உயரமான மண் மாதிரி ஒரு மில்லிமீற்றர் எழும்பினால் 5 சதவீதம். ஒரு மீற்றர் தடிப்புள்ள களி முழுவதும் அப்படியே எழும்பினால் ஐந்து சென்ரிமீற்றர், இரண்டு அங்குலம். நிலத்தில் கீழே போகப் போகப் பாரம் கூடும், தண்ணீரும் எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரிப் போகாது, அதனால் முழுவதும் எழும்பாது. பாதி எழும்பினாலே ஒரு அங்குலம். முழு வீடும் ஒன்றாக ஒரு அங்குலம் எழும்பினால் யாருக்கும் நட்டமில்லை. குசினித் தண்ணீர் போகிற மூலை எழும்பி மற்ற மூலை இருந்த இடத்திலேயே இருப்பதுதான் வில்லங்கம். அறையின் ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் அரை அங்குல வித்தியாசம் போதும் சுவர் வெடிக்க.

பாரத்தைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு மாடி இல்லாத சாதாரண வீட்டின் சுவரும் கூரையும் இரண்டடி அகல அத்திவாரத்தின் கீழ் மண்ணை அழுத்துவது சதுர மீற்றருக்குச் சுமார் மூன்று, நாலு தொன். நாலு அங்குலக் கொங்கிறீட் தளம் அழுத்துவது கால் தொன்னுக்கும் குறைவு. கடுமையாக வீங்கும் களியைக் கொஞ்சமும் எழும்பவிடாமல் பிடித்து வைக்க சதுர மீற்றருக்குப் பத்துத் தொன், இருபது தொன், சிலவேளை அதற்கும் மேல் தேவைப்படும். இதைத்தான் வீக்க அழுத்தம் என்கிறோம். ஈடோமீற்றரில் ஊசி எழும்ப எழும்பப் பாரத்தைக் கூட்டி, ஊசியை அதே கோட்டில் நிறுத்தி அளப்பது. தளம் முதலில் புடைப்பது ஏன் என்று இப்போது விளங்கும். அது காகிதம் மாதிரி மேலே கிடக்கிறது.

எங்கள் அலுவலகங்களில் மண்ணைப் பற்றிக் கேட்கிற ஒரே கேள்வி "எவ்வளவு தாங்கும்?" என்பது. கோடையில் காய்ந்த களி அந்தக் கேள்விக்கு முதலாம் பிள்ளை மாதிரிப் பதில் சொல்லும். கல்லுப் போல நிற்கும். நான் உங்களிடம் கேட்பது இரண்டாவது கேள்வியையும் கேளுங்கள் என்று: எவ்வளவு எழும்பும்?

இதில் ஒரு பொறி இருக்கிறது. கோடையில் எவ்வளவுக்கு எவ்வளவு காய்ந்து இறுகி நிற்கிறதோ, மாரியில் அந்த மண் அவ்வளவுக்குக் கூட வீங்கும். அதே மண்ணைத் தை மாதம் தோண்டி ஈடோமீற்றரில் வைத்தால் ஊசி அசையாது. அது ஏற்கனவே குடித்து முடித்துவிட்டது. "வீக்கம் இல்லை" என்று அறிக்கை வரும், கையெழுத்தும் விழும். ஆகவே வீக்கம் பார்ப்பதற்கு மண் எடுக்கவேண்டிய காலம் ஆடி, ஆவணி, புரட்டாதி. ஐப்பசி மழை இறங்குமுன் எடுத்துவிட வேண்டும். எடுத்ததை ஈரம் மாறாமல் மெழுகு பூசிக் கட்டி அனுப்பவேண்டும். எங்கள் பக்கத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியில் தொடங்குகிற மூன்று, நாலு மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற எட்டு மாதமும் வெயில். வீங்கும் களிக்கு இதைவிட வாய்ப்பான காலநிலையைத் தேடிக் கொடுக்க முடியாது.

இன்னொன்று, தண்ணீர். வாவிக் கரையை அண்டிய மண்ணில் உப்பு இருக்கும். உப்புத் தண்ணீரில் களி குறைவாக வீங்கும், நல்ல தண்ணீரில் கூட வீங்கும். உவர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிச் செய்த பரிசோதனை வீட்டின் மேல் பெய்யப்போகிற மழையைச் சொல்லாது. என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமாக இருக்கிற எழுவான்கரையில் இந்தக் கவலை பெரிதாக இல்லை. அங்கே கடற்கரை மணல். மணல் வீங்காது. மணலில் கட்டிப் பழகிய கை படுவான்கரைக்கு வந்து அதே இரண்டடி அத்திவாரத்தை வெட்டுகிறது. படுவான்கரை முழுவதும் வீங்கும் களி என்று நான் சொல்லவரவில்லை. கிறவல் மேடு உண்டு, மணல் திட்டு உண்டு, பாறையும் உண்டு. ஒரே வளவில் கிணற்றடியில் ஒரு மண், படலையடியில் இன்னொன்று. அம்பாறைப் பக்கம் வயல்வெளிகளுக்கு நடுவே எழும்பும் வீடுகளுக்கும் இதே கதைதான். இலங்கையில் வீங்கும் களி என்றால் மன்னாரில் முருங்கன் பக்கத்துக் கருங்களிதான் என்று ஒரு பேச்சு. அங்கே அது பரந்து கிடக்கிறது, உண்மை. அதற்காக மற்ற இடத்துக் களி எல்லாம் சாது என்று யார் சொன்னது? அதனால்தான் வரைபடத்தைப் பார்த்து ஊகிக்காமல் வளவு வளவாகக் குவளையில் போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

என் அம்மம்மாவின் வீடு வரிச்சுக் கட்டிக் களி அப்பிய வீடு. அதே ஊர், அதே களி. அதுவும் வெடிக்கும்தான். தைப்பொங்கலுக்கு முதல் களியும் சாணமும் குழைத்து அம்மம்மா ஒரு பகலில் மெழுகி மூடிவிடுவார். வீடு லேசானது, வளைந்து கொடுக்கும், மண் எழும்பினால் கூட எழும்பும், இறங்கினால் இறங்கும். யாரும் வழக்குப் போடவில்லை. கல்வீடு கட்டுவதை நான் பிழை சொல்லவில்லை. 1978 சூறாவளியைக் கண்டவன் மண்வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லமாட்டான். விறைத்த வீட்டை நெளியும் மண்ணில் வைக்கும்போது அதற்கென்று ஒரு ஏற்பாடு வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

ஏற்பாடுகள் பல உண்டு, அதை உங்கள் பொறியியலாளர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். வீங்கும் களியை ஒரு மீற்றர் அளவுக்கு அகற்றிக் கிறவல் போட்டு இடிப்பது. களியோடு நூற்றுக்கு நாலு, ஐந்து பங்கு சுண்ணாம்பு கலப்பது. அத்திவாரத்தின் மேல் கம்பி போட்ட கொங்கிறீட் பீம் ஓடவிடுவது. காலநிலை தொடாத ஆழத்துக்குச் சின்னத் தூண்களை இறக்குவது. இந்தியாவில் ரூர்க்கியில் இருக்கும் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் மண்ணுக்கென்றே அடி அகன்ற தூண்களை உருவாக்கிக் காட்டியது. ஆகக் குறைந்தது, வீட்டைச் சுற்றி ஆறடி அகலத்துக்குச் சீமெந்துத் தாழ்வாரம் போட்டு, குசினித் தண்ணீரையும் கூரைத் தண்ணீரையும் தூரக் கொண்டுபோய் விடுவது, மலசலகூடக் குழியையும் பெரிய மரத்தையும் சுவரிலிருந்து தள்ளி வைப்பது. ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: வெட்டிய களியைத் தளத்துக்குள் திருப்பிக் கொட்டாதீர்கள். காய்ந்தபடி இறுக்கி இடித்த களி, இயற்கையாகக் கிடந்த களியைவிட மோசமாக வீங்கும். என் தங்கச்சியின் நடு அறையில் நடந்தது அதுதான்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும், தெரியும். நான் பார்த்த வீட்டுத்திட்டங்களில் மணலில் கட்டுபவருக்கும் களியில் கட்டுபவருக்கும் ஒரே தொகை. களியில் இருப்பவர் அத்திவாரத்துக்குக் கூட எடுத்தால் கூரைக்குக் கடன். குவளை அறிக்கை கையில் இருந்தால் அந்தக் குடும்பம் கூடுதல் தொகை கேட்க ஒரு ஆதாரம் கிடைக்கும். ஆதாரம் இல்லாத இடத்தில் ரீ.ஓ. தம்பியாலும் எதுவும் செய்ய முடியாது, அவரைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. அவர் கையில் ஒரு அளவுநாடாவும் ஒரு படிவமும் கொடுத்து அனுப்பியது நாங்கள்தானே.

அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன். கட்டட அனுமதி விண்ணப்பத்தில், வீட்டுத்திட்டக் கோவையில், "வீக்கச் சுட்டி, மண் எடுத்த ஆழம், எடுத்த மாதம்" என்று ஒரே ஒரு வரி. ஒவ்வொரு பிரதேச சபையிலும் ஒரு சோடிக் குவளை, ஒரு தராசு, ஒரு அரிதட்டு, உலர்த்த ஒரு அடுப்பு. இயக்க ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள் பயிற்சி போதும். மேற்பரப்பு மண்ணைச் சுரண்டி எடுக்காமல் ஒன்றரை அடி, மூன்றடி, ஐந்தடி என்று எடுக்கவேண்டும். சுட்டி 50ஐத் தாண்டும் இடங்களில், இருபது முப்பது வீடு சேர்ந்த தொகுதிக்கு ஒரு ஈடோமீற்றர் பரிசோதனை. அதற்கு மண்ணைக் கொழும்புக்கு அனுப்பத்தான் வேண்டுமா? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அம்பாறையில் ஹாடி தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் தங்கள் ஊர் மண்ணைவிட நல்ல பாடம் கிடைக்காது. வருகிற முடிவுகளைக் கோவைக்குள் புதைக்காமல் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாளைக்கு அடுத்த வளவில் கட்டப்போகிறவர் வந்து புரட்டிப் பார்க்கட்டும். நான் வேலை செய்த காலத்தில் எத்தனையோ மண் வாசிப்புகளை எழுதினேன். அந்த மண்ணின் சொந்தக்காரர் ஒருவர்கூட அதைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"ஒரு வெடிப்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று உங்களில் யாராவது நினைக்கலாம். 2004 சுனாமியையும் வருடா வருடம் வெள்ளத்தையும் கண்ட மாவட்டங்களில் சுவர் வெடிப்பு என்பது பேசத் தகுந்த துன்பமே இல்லைத்தான். யாரும் சாவதில்லை, செய்தியில் வராது, நிவாரணப் பட்டியலிலும் இல்லை. ஆனால் 1973இல் ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியியலாளர்கள் கணக்குப் பார்த்தபோது, அவர்களுடைய நாட்டில் வீங்கும் மண் ஒரு வருடத்தில் செய்யும் பண நட்டம் வெள்ளம், சூறாவளி, சுழற்காற்று, நிலநடுக்கம் எல்லாம் சேர்ந்து செய்வதைவிட அதிகம் என்று கண்டார்கள். அங்கே பணக்கார வீடுகள். இங்கே வாழ்க்கையில் ஒரு தடவை கிடைக்கிற வீடு. வருடா வருடம் பூச்சுக்கும் கதவுக்கும் போகிற காசை என் தங்கச்சி எழுதி வைத்திருந்தால், பீம் போட்டிருக்கக்கூடிய தொகையை அது எப்போதோ தாண்டியிருக்கும்.

2025 மே மாதத் தேர்தலுக்கு முன் இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் தெரிவான உறுப்பினர்கள் இல்லாமல் இருந்தோம். அப்போது கேட்க ஆளில்லை. இப்போது நீங்கள் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

இது ஆவணி. நிலம் விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கிறது, மண் எடுக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. இந்த வருடம் அனுமதி கேட்டு உங்கள் மேசையில் கிடக்கிற விண்ணப்பங்களில் படுவான்கரையிலிருந்து வந்த பத்தை எடுங்கள். ஆளை அனுப்பி மூன்றடி தோண்டுங்கள். குவளை இல்லையென்றால் என்னிடம் ஒரு சோடி இருக்கிறது, தருகிறேன்.

அப்படியே தங்கச்சி வீட்டையும் பார்க்க வாருங்கள். இரண்டு தடவை வரவேண்டும். இப்போது வந்தால் பின்னறைக் கதவை மருமகன் ஒரு விரலால் தள்ளித் திறந்து காட்டுவான். கார்த்திகையில் வரும்போது தோள் கொடுக்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மண் பரிசோதனைக் கூட உதவியாளர் ஒருவர்,
படுவான்கரை